கந்தையும் காந்தாவும்

"கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது நம் முன்னோர் மொழி. கந்தை என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் எழுவது ஒருவகை இழிவுணர்ச்சியே. கிழிந்தது, நைந்தது, கழித்தற்குரியது என்னும் பொருள்கள் அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. ஆயின், அச்சொல்லோடு ஒரே வேரிற் பிறந்த மற்றொரு சொல் வங்கநாட்டில் வழங்குகின்றது. காந்தா என்பது அது. அதனைக் கேட்கும் வங்காளியின் உள்ளத்தில் எழுவது பெருமிதம். அவன் தாய் அல்லது பாட்டி பழஞ்சேலைகளை அடுக்கி ஊசியால் ஓவியம் எழுதிய விரிப்பையே அச்சொல் அவனுக்கு நினைவூட்டும்.

ஒரு வேர்ச்சொல் ஒரு நாட்டில் இழிவையும் மற்றொரு நாட்டிற் பெருமையையும் குறித்தது எங்ஙனம்? பொருள் ஒன்றுதான், பழந்துணியே. அதனைப் பேணியவர், எழுதியவர், காட்சிக்கு வைத்தவர் ஆகியோர் உண்மையும் இன்மையுமே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்பது என் கருத்து. தேயிலைத் தோட்டங்களின் நடுவே பிறந்து, அவற்றின் நடுவிலேயே ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு, இது வங்கத்தைப் பற்றிய ஆராய்ச்சியாக மாத்திரம் நின்றுவிடவில்லை. நம் மலையகப் பெண்களின் வரலாற்றை எங்கே தேடுவது என்ற வினாவாகவும் அது வளர்ந்தது.

சொல்லும் பொருளும்

வடமொழியிற் கந்தா என்னும் சொல் கிழிந்த துணிகளை இணைத்துத் தைத்த ஆடையைக் குறிக்கும். அதுவே தமிழிற் கந்தை எனவும் வங்கமொழியிற் காந்தா எனவும் திரிந்து வழங்கலாயிற்று. தமிழ் அச்சொல்லின் கிழிவைப் பற்றிக்கொண்டது. வங்கமொழி அதன் தையலைப் பற்றிக்கொண்டது.

கிழிந்ததைத் தைத்து உடுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. துன்னம் என்பது தையலுக்குரிய பழந்தமிழ்ச் சொல். சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளரை எண்ணுமிடத்துத் துன்னகாரரையும் சேர்த்து எண்ணுகின்றது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படையில், வறுமையுற்ற பொருநன் தான் உடுத்திருந்த கந்தையைத் தானே வருணிக்கின்றான். வியர்வையில் நனைந்து, வேற்று நூல் நுழைந்து, தையல் மலிந்த சிதார் அது. கரிகாலன் அதனைக் களைவித்து, பாம்பின் உரி போன்ற நுண்ணிய ஆடையை அவனுக்கு நல்கினான் என்பது செய்தி. மன்னனின் வண்மை புலவர்க்குப் பொருளாயிற்று. களைந்தெறிந்த சிதாரைத் தைத்த கை எவருடையது என்ற வினா அங்கே எழவில்லை.

சமய உலகில் நிலைமை சற்று வேறு. அமர்நீதி நாயனார் அடியார்க்குக் கந்தையும் கீளும் கோவணமும் உதவிய தொண்டரென்று பெரியபுராணம் போற்றும். நம் அயலில் வாழும் சிங்கள மக்களின் விகாரைகளில், மழைக்காலத் தங்கலின் முடிவில் நிகழும் கட்டின விழாவையும் மாணவர் அறிவர். பிக்குவுக்கு அளிக்கும் சீவரம் ஒரே துணியாக இருத்தலாகாது. துண்டுகளாக வெட்டி, மகதநாட்டு வயல்களின் வரப்பமைதியைப் போல இணைத்துத் தைத்ததாக இருத்தல் வேண்டும் என்பது விநய மரபு. எறிந்த துணியைப் பொறுக்கித் தைத்து உடுத்த ஆதித் துறவியரின் நினைவு அதில் நிற்கின்றது. துறவி விரும்பி ஏற்ற கந்தைக்கு மதிப்பு உண்டு. ஏழை வேறு வழியின்றி உடுத்த கந்தைக்கு அஃது இல்லை. வங்கத்துக் காந்தாவின் சிறப்பு யாதெனின், அது துறவியின் கந்தையுமன்று, இரவலனின் சிதாருமன்று. இல்லறத்துப் பெண் தன் வீட்டாருக்காக விரும்பித் தைத்த கந்தை என்பதே.

வங்கப் பெண்டிரின் ஊசி

பருத்தி நெசவில் வங்கம் பெற்றிருந்த புகழ் உலகறிந்தது. டாக்கா மஸ்லின் துணியை நாடி அயல்நாட்டு வணிகர் வந்தனர். அம்மஸ்லின் அரண்மனைகளுக்குச் சென்றது. காந்தாவோ குடிசைகளிற் பிறந்தது. உடுத்து உடுத்து நைந்த பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி, சுருக்கமின்றி நீவி, ஓரங்களை முதலில் தைத்து, பின்னர் முழுப் பரப்பையும் நெருக்கமான ஓட்டுத்தையலால் இணைப்பது அதன் முறை. கோடைக்குச் சில அடுக்கு. குளிருக்குப் பல அடுக்கு. நூலும் கடையில் வாங்கியதன்று. பழஞ்சேலைக் கரையின் சிவப்பு, நீலம், கறுப்பு இழைகளை ஒவ்வொன்றாக உருவியெடுத்து ஊசியிற் கோத்தனர். வங்கச் சேலைகள் பெரும்பாலும் வெண்ணிறமாகவும் கரை மாத்திரம் வண்ணமாகவும் இருந்தமையால், சேலையின் உடல் தாளாயிற்று, கரை மையாயிற்று.

பழந்துணியைக் கொண்டது வறுமையால் மாத்திரமன்று. பலமுறை தோய்த்த பருத்தியின் மென்மை புதுத்துணிக்கு இல்லை. பிறந்த குழந்தையின் உடம்புக்கு அதுவே ஏற்றது. பழந்துணி கண்ணேறு கழிக்கும் என்ற நம்பிக்கையும் அங்கே உண்டு. நம் வீடுகளிலும் பச்சைக் குழந்தையைப் புத்தாடையிற் கிடத்தாது, பாட்டியின் பழஞ்சேலையிற் கிடத்துவதே வழக்கம் என்பதை நினைவு கூர்க.

பயன்பாடு நோக்கிக் காந்தாக்கள் பல பெயர் பெற்றன. குளிர்காலப் போர்வை லேப். விருந்தினர் அமரவும் படுக்கவும் விரிப்பது சுஜனி. கண்ணாடியும் சீப்பும் சுற்றி வைப்பது ஆர்ஷிலதா. தலையணை உறை ஓர். நூல்களையும் விலையுயர்ந்த பொருள்களையும் பொதிந்து வைப்பதற்கும் தனியொரு வகை உண்டு. சித்திரம் நிறைந்தவற்றை நக்ஷி காந்தா என்பர். நடுவில் இதழ் விரிந்த தாமரை; நான்கு மூலையிலிருந்தும் நடுநோக்கி வளரும் மரம் அல்லது கொடி; இடையே யானை, குதிரை, மீன், ஓடம், தேர், பல்லக்கு, வீட்டுப் பாத்திரங்கள் என வாழ்வின் பொருள் அனைத்தும் இடம்பெறும். உருவங்களைச் சுற்றியுள்ள வெளியை வெண்ணூலால் அலையலையாகத் தைத்து நிரப்புவர். அவ்வலை துணியின் மேற்பரப்பிற் சிறு நெளிவுகளை உண்டாக்கும். காந்தாவைத் தடவியே அறியலாம்.

எழுத்தறிவுக்கு வாய்ப்புப் பெறாத பெண்களே பெரும்பாலும் இவற்றைத் தைத்தனர். எனினும், எழுத்தறிந்த சிலர் ஊசியால் தம் பெயரையும் பொறித்தனர். மானதாசுந்தரி தாசி என்னும் பெண் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் செய்த காந்தா ஒன்று புகழ்பெற்றது. அதனைத் தன் கையாலே தைத்துத் தன் தந்தைக்கு அளித்த செய்தியை அத்துணியிலேயே அவள் எழுதியிருக்கின்றாள். அக்காலத்துப் படைவீரரும் பிறரும் அதில் உருவங்களாக நிற்கின்றனர். அரசாங்க ஆவணங்களில் இடம்பெறாத ஒரு மகளின் பெயர், பழந்துணியில் எழுதியமையால் இன்றும் வாழ்கின்றது.

காத்தவர் சிலர்

இத்துணிகள் தாமாகவே நம் காலம்வரை வந்துவிடவில்லை. காந்தாவும் கிழியும், கிழிந்தால் மற்றொரு காந்தாவின் உள்ளடுக்காகும், இறுதியில் மண்ணாகும். அவ்வாறு போகாது சிலவற்றைத் தடுத்தவர் சிலர். அவர்களுள் முதன்மையானவர் குருசதாய் தத்தர். 1882 இல் சில்ஹெட் மாவட்டத்திற் பிறந்து, இந்தியக் குடியியற் சேவையில் உயர்பதவி வகித்தவர் அவர். அந்தச் சில்ஹெட்டும் நம் மலையகத்தைப் போலத் தேயிலை விளையும் பூமியே. மாவட்டந்தோறும் பணியாற்றச் சென்றவிடத்து, வரி வசூலோடும் வழக்கு விசாரணையோடும் நில்லாது, நாட்டார் கலைப்பொருள்களைத் தேடித் திரட்டினார். 1932 இல் விரதசாரி இயக்கத்தையும் தோற்றுவித்தார். 1941 இல் அவர் மறைந்தார். அவர் திரட்டிய காந்தாக்களும் பிற கலைப்பொருள்களும் கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில், 1963 இல் திறக்கப்பெற்ற அருங்காட்சியகத்துக்கு உரியனவாயின. மானதாசுந்தரியின் காந்தா அங்குள்ளதே.

மற்றொருவர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார். ஆஸ்திரிய நாட்டிற் பிறந்து, தாகூரின் அழைப்பின் பேரிற் சாந்திநிகேதனம் வந்து, கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற் கலைவரலாறு கற்பித்தவர். கோயிற் சிற்பத்தை ஆராய்ந்த அதே கண்ணால் அவர் பழந்துணியையும் ஆராய்ந்தார். காந்தாவைப் பற்றி 1939 இல் அவர் எழுதிய கட்டுரை, கல்வியுலகம் அதனைக் கலையாக மதிக்க வழி திறந்தது. அவர் திரட்டியவை இன்று அமெரிக்காவின் பிலடெல்பியாக் கலைக்கூடத்தில் உள்ளன.

கவிஞர் ஜசீமுத்தீனின் பணி மூன்றாவது. 1929 இல் வெளிவந்த நக்ஷி காந்தார் மாட் என்னும் அவருடைய கதைப்பாடல், கணவனைப் பிரிந்த சாஜு என்னும் சிற்றூர்ப் பெண் தன் வாழ்வு முழுவதையும் ஒரு காந்தாவிற் தைத்துவிட்டு உயிர் நீத்ததையும், அவள் புதைகுழியின் மேல் அதனை விரித்ததையும், திரும்பி வந்த கணவன் அதனடியில் உயிர் துறந்ததையும் கூறுகின்றது. அந்நூல் 1939 இல் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பெற்றது. திரட்டியவர் ஒருவர், ஆராய்ந்தவர் ஒருவர், பாடியவர் ஒருவர் என மூவர் வாய்த்தமையால், வங்கத்துக் கந்தை காந்தாவாக நிலைபெற்றது. 1947 இல் வங்கம் இரண்டாகப் பிளவுபட்ட பின்னரும் இரு பகுதியினரும் தம்முடையதென உரிமை பாராட்டும் பொருள்களுள் அதுவும் ஒன்றாயிற்று.

மலையேறிய சேலை

இனி நம் மலைகளை நோக்குவோம். 1820 களிற் கோப்பிப் பயிரோடு தொடங்கிய தென்னிந்தியத் தொழிலாளரின் வருகை, 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிற் பயிரிட்ட தேயிலை பரவியபின் பெருகிற்று. 1869 இற் கோப்பி இலையிற் தோன்றிய நோய் அப்பயிரை அழித்ததும், தேயிலை அதன் இடத்தைக் கவர்ந்ததும் யாவரும் அறிந்த வரலாறு. திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் முதலிய வெப்பநிலங்களிலிருந்து வந்தோருக்கு ஒற்றைச் சேலையும் ஒற்றை வேட்டியுமே பழக்கமான உடை. நுவரெலியாவோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அட்டையும் பனியும் அடைமழையும் உள்ள இந்நிலத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவிலமைந்த லயத்து அறைக்குள் அவர்கள் குளிரை எவ்வாறு வென்றனர்?

தோட்ட நிருவாகம் கம்பளி வழங்கிற்று. ஆனால் அது கொடையன்று; அதன் விலை தொழிலாளியின் கடனேட்டில் ஏறிற்று. மலைக்கு வந்த முதல் நாளிலேயே அவன் தலையில் விழுந்த கடன்களுள் கம்பளிக் கடனும் ஒன்று. ஒரு கம்பளி ஒரு குடும்பத்துக்குப் போதாது. எஞ்சிய குளிருக்குப் பழஞ்சேலையும் சாக்குமே துணையாயின.

சாக்கு என்றவிடத்து வரலாறு மீண்டும் வங்கத்துக்குத் திரும்புகின்றது. சணல் வங்கத்துப் பயிர். 1855 இல் கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள ரிஷ்ராவில் முதலாவது சணல் ஆலை எழுந்தது. அதன்பின் ஊக்ளி ஆற்றங்கரை முழுவதும் ஆலைகள் பெருகி, உலக வாணிகத்தின் தானியத்தையெல்லாம் வங்கத்துச் சாக்கே சுமந்தது. தோட்டத் தொழிலாளருக்குப் படியாக அளந்த அரிசி பெரும்பாலும் பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் சாக்குகளில் வந்தது. அரிசி தீர்ந்த பின் சாக்கு லயத்திற் தங்கிற்று. அது கால்மிதியாயிற்று, படுக்கையாயிற்று, மழைக்குத் தலைமூடியாயிற்று. கொழுந்து கொய்யும் பெண்ணின் இடையிற் படங்காகவும் ஆயிற்று. தேயிலைச் செடியின் கிளைகள் சேலையைக் கிழிக்காமலும், காலைப் பனியீரம் உடலிற் பற்றாமலும் இருக்க இடையைச் சுற்றிக் கட்டும் முரட்டுத்துணியே படங்கு. பிற்காலத்திற் பிளாஸ்ரிக் தாள் அதன் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது.

ஆகவே வங்கத்திலிருந்து நம் பெண்களுக்கு வந்த துணி மஸ்லினுமன்று, காந்தாவுமன்று, சணற்சாக்கே. அங்கே சணல் ஆலைத் தொழிலாளி நெய்ததை, இங்கே தேயிலைத் தொழிலாளி இடையிற் கட்டினாள். ஒரே பேரரசின் இருவேறு மூலைகளில் உழைத்த இவ்விருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. அவர்களை இணைத்தது அந்தச் சாக்கு ஒன்றுதான்.

அப்பாயியின் விரிப்பு

இங்கே என் குடும்பத்துச் செய்தியொன்றைக் கூற வாசகர் இடந்தருவாராக. என் தந்தையைப் பெற்ற அப்பாயி, ஹற்றனை அடுத்த தோட்டமொன்றிற் கொழுந்து கொய்து வாழ்ந்தவர். எழுதப் படிக்க அறியார். அவரிடம் ஒரு விரிப்பு இருந்தது. பழஞ்சேலைகளை நான்காக மடித்து அடுக்கி, நீண்ட ஓட்டுத்தையலால் இணைத்தது. தாமரையும் இல்லை, யானையும் இல்லை. மேலடுக்குக் கிழியுந்தோறும் அதன்மேல் மற்றொரு சேலையை வைத்துத் தைப்பார். சிறுவனாகிய நான் அதன்மேற் படுத்து, கிழிசல்களின் ஊடே உள்ளடுக்குகளின் நிறங்களை விரலால் நோண்டிப் பார்ப்பேன். அப்பாயி கையைத் தட்டிவிடுவார். பின்னர் அவரே ஒவ்வொரு நிறத்துக்கும் உரிய கதையைச் சொல்வார்.

தோட்டத்தில் ஆண்டுக்கொரு முறை, தீபாவளி முற்பணத்தில் ஒரு புதுச்சேலை வாங்குவர். அம்முற்பணம் பின்வரும் மாதங்களின் சம்பளத்திற் சிறிது சிறிதாகக் கழிக்கப்படும். புதுச்சேலை வந்தால் பழையது வேலைக்கு இறங்கும். வேலைக்குடுத்தியது கிழிந்தால் விரிப்புக்கு வரும். எனவே அவ்விரிப்பின் ஒவ்வோர் அடுக்கும் கடன்பட்டு வாங்கி, கடனைத் தீர்த்து, உடுத்துத் தேய்ந்த ஒரு தீபாவளி. ஓரடுக்கு மாத்திரம் சேலையன்று. கோதுமைமா வந்த வெள்ளைப் பைத்துணி. அதில் அச்சிட்ட ஆங்கில எழுத்துக்கள் மங்கலாகத் தெரியும். 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களெங்கும் பட்டினி பரவிய காலத்தது அஃது எனவும், அவ்வாண்டு புதுச்சேலை வாங்கவில்லை எனவும் அப்பாயி கூறுவார்.

பச்சை நிறத்தடுக்கொன்று அவருடைய தங்கையின் சேலை. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த உடன்படிக்கை, அவ்வாறு நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொண்டன. அவர்களை மலையிலிருந்து ஏற்றிச்சென்ற புகைவண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே வழங்கினர். தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரம் சென்றோரில் அப்பாயியின் தங்கையும் ஒருவர். புறப்படும் அன்று உடுத்திருந்த பழஞ்சேலையைக் களைந்து தமக்கையிடம் கொடுத்துவிட்டு, இருந்த ஒரே நல்ல சேலையை உடுத்திக்கொண்டு வண்டியேறினாராம். சகோதரியர் மீண்டும் சந்திக்கவில்லை. அச்சேலையை அப்பாயி உடுத்தவுமில்லை, எறியவுமில்லை. விரிப்பினுள் வைத்துத் தைத்தார்.

உடன்படிக்கையின் எண்களை நான் வகுப்பறையிற் கற்பிக்கின்றேன். மாணவர் அவற்றை மனனஞ்செய்து பரீட்சையில் எழுதுகின்றனர். அந்த எண்களுள் ஒன்று என் அப்பாயியின் தங்கை என்பதை எந்தப் பாடநூலும் எனக்குக் கூறவில்லை. அந்தப் பச்சைத்துணியே கூறிற்று. தோட்டத்துச் செக்றோல் ஏட்டில் அப்பாயியின் பெயரும் நாட்கணக்கும் உண்டு. அவை பிறர் அவரைப் பற்றி எழுதியவை. அவர் தம்மைப் பற்றித் தம் கையால் எழுதிய ஏடு அவ்விரிப்பு ஒன்றுதான்.

அது இன்று இல்லை. அப்பாயி மறைந்தபோது வழக்கப்படி அவருடைய படுக்கைத்துணிகளோடு அதனையும் எரித்துவிட்டோம். அப்போது நான் பட்டப்படிப்புக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். உலக வரலாற்று நூல்கள் என் மேசையில் இருந்தன. "கந்தைதானே" என்று சொன்னவர்களுள் நானும் ஒருவன். பிற்காலத்திற் காந்தாவைப் பற்றிப் படித்தபோதே நாம் எரித்தது யாது என உணர்ந்தேன்.

ஒப்புமையின் எல்லை

அப்பாயியின் விரிப்பை மானதாசுந்தரியின் காந்தாவோடு வைத்து எண்ணுதல் மிகையென்று சிலர் கூறலாம். கைத்திறனை அளவாகக் கொண்டால் அவர் கூற்றுப் பொருத்தமே. வங்கத்து உழவர் வீட்டுப் பெண்ணுக்கு மழைக்காலத்து நண்பகல் ஓய்வு இருந்தது. ஒரு காந்தாவை ஆண்டுக்கணக்கிற் தைக்கவும், தாய் தொடங்கியதை மகள் முடிக்கவும் காலம் இருந்தது. விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குச் சென்று, மாலைவரை மலையேறி இறங்கி, திரும்பி வந்து அடுப்பூதும் பெண்ணுக்குத் தாமரை தைக்க நேரம் எங்கே? பூவேலை இன்மை கலையுணர்வு இன்மையால் அன்று, ஓய்வு இன்மையால். அவ்வின்மையும் ஒரு வரலாற்றுச் சான்றே.

மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். கந்தையைப் போற்றுவதாகக் கருதி வறுமையைப் போற்றிவிடலாகாது. வங்கத்திலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. 1971 இல் வங்காளதேசம் தோன்றிய பின், போரினால் வாழ்விழந்த பெண்களுக்குத் தொழில் தேடிய நிறுவனங்கள் காந்தாத் தையலை மீண்டும் வளர்த்தன. 1978 இற் தோன்றிய ஆரோங் விற்பனை நிலையம் அவற்றுள் ஒன்று. மேற்கு வங்கத்திலும் அத்தொழில் வளர்ந்து, 2008 இல் நக்ஷி காந்தா புவிசார் குறியீடு பெற்றது. 2023 இல் காந்தாக் கலைஞர் பிரீதிகணா கோஸ்வாமி பத்மஸ்ரீ விருது பெற்றார். இவை மகிழ்தற்குரியன. ஆயின் சந்தைக்குச் செல்லும் காந்தாவிற் பழந்துணி அருகிற்று. புதுத்துணியும் பட்டும் வந்தன. தைப்பவள் தன் குழந்தைக்கன்றி முகமறியாத ஒருவர்க்குத் தைக்கின்றாள். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பெறுகின்றாள். முகமறியாதவரின் கோப்பைக்காகக் கொழுந்து கொய்து, இறாத்தலுக்கும் கிலோவுக்கும் கணக்குப் பார்த்த நம் மக்களுக்கு இந்நிலையை விளக்க வேண்டியதில்லை. பெயர் உயர்ந்தாலும், ஊசி பிடித்த கையின் கூலி உயர்ந்ததா என்பதையே இறுதியில் நோக்குதல் வேண்டும்.

எனினும் ஓருண்மை மறுக்கவியலாதது. குருசதாய் தத்தர் முதலியோர் பேணாதிருப்பின், அப்பெண்களின் கூலியைப் பற்றிப் பேசவும் இன்று எவரும் இரார்.

நாம் செய்யத்தக்கது

மலையகம் தன் வரலாற்றை முற்றாகக் கைவிட்டது என்று கூறல் பொருந்தாது. மடக்கும்புரையிற் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டமக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்து நூலாக்கினார். அவர் தொகுத்தமையால் அவை கலை எனப் பெயர் பெற்றன. கம்பளையை அடுத்த பழைய பீகொக் தோட்டத்தில், லய அறைகளிலேயே தொழிலாளருக்கென ஓர் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. கண்டி ஹந்தானையிலோ பழைய தொழிற்சாலையொன்றிற் தேயிலை நூதனசாலை உள்ளது; அங்கே பழைய இயந்திரங்களையும் ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களையும் காணலாம். இரும்பு நிலைக்கும், துணி நிலைக்காது. ஆதலின் துணிக்கே விரைந்த கவனிப்பு வேண்டும்.

2023 ஆம் ஆண்டில் மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்து சென்றனர். முன்னோர் நடந்த வழியைக் கால்கள் நினைவுகூர்ந்தன. அவர்கள் சுமந்த மூட்டைகளில் இருந்தவை யாவை என்பதை நாமும் நினைவுகூர்தல் வேண்டாவா?

நம் கல்லூரி மாணவரில் லயத்திலிருந்தோ, லயத்தை விட்டு நகருக்குப் பெயர்ந்த குடும்பத்திலிருந்தோ வந்தோர் பலர் உளர். விடுமுறையில் வீடு செல்லும்போது பாட்டியின் பெட்டியைத் திறந்து பார்க்குமாறு அவர்களை வேண்டுகின்றேன். ஏணைச்சேலை, படங்கு, ஒட்டுப்போட்ட விரிப்பு, கொழுந்துக்கூடையின் கயிறு உறுத்தாமற் தலையில் மடித்து வைத்த துண்டு ஆகியவற்றுள் ஏதேனும் இருக்கலாம். இருப்பின் எறிய வேண்டாம். எவர் உடுத்தது, எப்போது வாங்கியது, எவர் தைத்தது என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி, அதனோடு சேர்த்து வையுங்கள். கூறத்தக்க முதியோர் உள்ளபோதே இதனைச் செய்தல் வேண்டும். துணி எஞ்சினும், சொல்வார் இல்லையேல் அது கந்தையே. சொல்வார் இருப்பின் அதுவே ஆவணம்.

அமர்நீதி நாயனாரின் வரலாற்றை மீண்டும் எண்ணுக. அடியார் வேடத்தில் வந்த இறைவன் கொடுத்துவைத்த கோவணம் காணாமற் போயிற்று. தன் தண்டிலிருந்த மற்றைக் கோவணத்துக்கு எடையான கோவணமே தனக்கு வேண்டும் என்றான் அவன். துணி வணிகராகிய நாயனார் பட்டையும் பொன்னையும் தம் செல்வம் முழுவதையும் துலாத்தட்டில் இட்டார், தட்டு நேர்நிற்கவில்லை. தாமும் மனைவியும் மைந்தனும் ஏறிய பின்னரே நேர்நின்றது. அந்தத் துலாவின் மற்றைத் தட்டில் இருந்தது ஒரு சிறு பழந்துணி.

மலையகத்தில் நாள்தோறும் கொழுந்து நிறுக்கும்போது சாக்கின் நிறையைக் கழித்துவிட்டே கணக்கெழுதுவர். வரலாறு எழுதும்போதும் நாம் அவ்வாறே துணியைக் கழித்துவிட்டோம். அக்கழிவைத் திருத்தி எழுதும் கடமை, கற்ற நம்மைச் சார்ந்தது.